வண்டிமூச்சு

கல்பாக்கம் ஸ்டாஃப் பஸ்களில் இன்றும் சில சொற்கள் புழங்குகின்றன. வயதானவர் ஒருவர் ஏறியதும், உட்கார்ந்திருப்பவருக்குத் திடீரென்று வரும் தூக்கம் 'சீட்டுறக்கம்'. கை காட்டி விடைபெற்ற இருவர், போக வேண்டியது ஒரே திசைதான் என்று தெரிந்து, பேச எதுவும் மிச்சமில்லாமல் சேர்ந்து நடக்கும் தூரம் 'டாட்டாவழி'. விருந்தாளி எழுந்து செருப்பையும் மாட்டிக்கொண்ட பிறகு தொடங்குவது 'செருப்புப்பேச்சு'. இவற்றைச் சொல்கிற இளைஞர்களுக்கு இவை எங்கிருந்து வந்தன என்று தெரியாது. தெரிந்ததாகச் சொல்பவர்களும் தவறாகவே சொல்கிறார்கள். போன தை மாதம் கேளம்பாக்கத்தில் ஒரு கல்யாண வரவேற்பில், 'மொய்ப்பல்' என்ற சொல்லைத் தன் மைத்துனர் உண்டாக்கினார் என்று ஒருவர் எல்லோர் முன்பும் சொன்னார். அந்தச் சொல் பிறந்தபோது அவருடைய மைத்துனர் பள்ளிக்கூடத்தில் இருந்தார். எனக்கு வயது எழுபதை நெருங்குகிறது. மண்டபத்தில் நின்றுகொண்டு திருத்தம் சொல்லத் தெம்பில்லை. எழுதிவைப்பது சுலபம்.

இந்தச் சொற்களில் பெரும்பாலானவை ஏசுபாதத்தினுடையவை. கல்பாக்கம் அணு நிலையத்தின் மெஷின் ஷாப்பில் ஃபிட்டராக இருந்தவர். இப்போது மகள் ஜெனிட்டாவோடு கூடுவாஞ்சேரியில் இருக்கிறார். எழுதலாமா என்று கேட்டேன். "எழுதுங்க சார். அவ பக்கத்தையும் சேத்து எழுதுங்க" என்றார். அவர் சொன்ன 'அவ', அவருடைய மனைவி ஞானம்மாள். 2006இல் காலமானார். அதனால் இதை இருவரைப் பற்றியும் எழுதுகிறேன். நான் நேரில் பார்த்ததைப் பார்த்ததாகவும், ஏசுபாதம் சொல்லிக் கேட்டதைக் கேட்டதாகவும் குறித்திருக்கிறேன்.

ஏசுபாதத்தின் ஊர் திருக்கழுக்குன்றத்துக்குத் தெற்கே. அப்பா அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர். ஏசுபாதம் செங்கல்பட்டில் ஐ.டி.ஐ. படித்து, 1979இல் வேலையில் சேர்ந்தார். நான் அதே கட்டடத்தின் ஸ்டோர்ஸில் பதிவேடுகள் பார்த்தேன். ஞானம்மாள் பால்வாடி டீச்சர். 1991இல் செங்கல்பட்டில் ரயில் பாதைக்கு மேற்கே, கடன் வாங்கி ஒரு வீடு கட்டினார்கள். இரண்டு அறை, முன்னால் ஒரு இரும்பு கேட். ஏசுபாதம் வீட்டிலிருந்து டி.வி.எஸ். ஃபிப்டியில் பஸ் நிற்கும் இடத்துக்கு வருவார். அங்கே சைக்கிள் ஸ்டாண்டில் வண்டியை விட்டுவிட்டுப் பஸ் ஏறுவார். திரும்பும்போதும் அப்படியே.

எங்கள் பஸ்ஸில் யாருக்கு எந்த இடம் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. ஆனால் மாற்றி உட்கார்ந்தவர் யாரும் இல்லை. கடைசி வரிசை எலக்ட்ரீஷியன் துரையின் ராஜ்ஜியம். அவருக்கு முன் வரிசையில் ஜன்னலோரம் ஏசுபாதம், பக்கத்தில் நான். பெயரில்லாத ஒன்றுக்குப் பெயர் வைக்கும் பழக்கம் அந்த மூலையில்தான் 1993 வாக்கில் தொடங்கியது. அதற்கு ஒரு விதி இருந்தது. தான் பட்டதற்கு மட்டும்தான் பெயர் வைக்கலாம். அடுத்தவர் அனுபவத்தைக் கேட்டுக்கொண்டு வந்து வைக்கக் கூடாது. யார் வாயைத் திறந்தாலும் துரை முதலில் கேட்பது, "பட்டதா, கேட்டதா?"

மொய்ப்பல் பிறந்த காலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஏசுபாதம் தாடையைத் தடவிக்கொண்டே ஏறினார்.

"நேத்து கல்யாணத்துல கவர குடுக்க மேடையேறினேன் மச்சான். வீடியோக்காரன் லைட்ட மூஞ்சியிலயே வச்சிகினு கீறான். மாப்ள சிரிக்கிறான், நானும் சிரிக்கிறேன். நிறுத்தவே மாட்டன்றான். பல்லு காஞ்சி போயி ஒதடு மேலயே ஒட்டிக்கிச்சி. எறக்குனா எறங்கல. அந்தப் பல்லுக்கு இன்னா பேரு?"

"பட்டதா, கேட்டதா?" என்றார் துரை.

"பட்டது. இன்னும் தாட வலிக்குது."

"அப்ப வையி."

"மொய்ப்பல்லு."

டிரைவர்கூடச் சிரித்தார். அடுத்த வாரம் கணக்குப் பிரிவின் அப்பாசாமி, விமானம் ஏறும்போது காது அடைத்துக்கொள்வதற்கு ஒரு பெயர் கொண்டுவந்தார்.

"நீ ஏறினியா அண்ணாத்த?"

"என் மச்சினன் ஏறினான்."

"அப்ப ஒன் மச்சினன பஸ்ஸுல ஏறச் சொல்லு."

அப்பாசாமி ஓய்வு பெறும்வரை அவருக்கு 'பிளேன்' என்றே பெயர். விதி அவ்வளவு கண்டிப்பானது. ஏசுபாதம் சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் அன்றைய சொல்லை மனைவியிடம் சொல்வார். விதியும் ஞானம்மாளுக்குத் தெரியும். அதைச் சொல்லி அவரும் கணவரைச் சீண்டுவாராம்.

1997 ஜூனில் ஞானம்மாள் பால்வாடியில் பிள்ளைகளுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தபோது விழுந்தார். பக்கவாதம். வலது கையும் காலும் போயின. பேச்சு சில வாரங்களில் திரும்பியது. கையும் காலும் திரும்பவில்லை. ஜெனிட்டா அப்போது வேலூரில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். படிப்பை நிறுத்த வேண்டாம் என்பதில் ஞானம்மாள் பிடிவாதமாக இருந்தார். எனவே எல்லா வேலையும் ஏசுபாதத்தின் தலையில் விழுந்தது. விடிவதற்கு முன் எழுந்து, சமைத்து, மனைவியைத் துடைத்து, துணி மாற்றி, ஊட்டி, கட்டிலில் பக்கம் திருப்பிப் படுக்கவைத்துவிட்டுப் பஸ்ஸுக்கு வருவார். மதியம் பக்கத்து வீட்டு தெய்வநாயகி வந்து சோறு கொடுப்பார். சாயங்காலம் மறுபடி எல்லாம் முதலிலிருந்து. ஞாயிறு, பண்டிகை என்று எதுவும் கிடையாது. சட்டைப் பொத்தான் மாறிப் போட்டுக்கொண்டு வருவார். நான் தொட்டுக் காட்டினால் குனிந்து பார்த்துவிட்டு அப்படியே விட்டுவிடுவார்.

சொற்கள் நிற்கவில்லை. அவை வேறு பக்கம் திரும்பின. நோயாளியிடம் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டு, அதற்கு மேல் என்ன பேசுவதென்று தெரியாமல் சுவரில் மாட்டியிருப்பதைப் பார்ப்பது 'காலண்டர்பார்வை'. பார்க்க வந்தவர் கொடுத்த ஆப்பிள் பை, பிரிக்கப்படாமலே அடுத்த நோயாளி வீட்டுக்குப் போனால் அது 'சுத்துப்பழம்'. பார்க்க வந்தவர், தன் உறவினர் ஒருவருக்கும் இதே நோய் வந்ததை ஆரம்பத்திலிருந்து சொல்லிக்கொண்டே போய், அவர் செத்துப்போனார் என்பது நினைவுக்கு வந்ததும் பாதியில் நிறுத்திக்கொள்வது 'சித்தப்பாக்கேஸ்'. இந்தக் கடைசிச் சொல்லை எல்லோரும் ஏசுபாதத்தின் கணக்கில் எழுதுகிறார்கள். அது ஞானம்மாள் வைத்த பெயர். ஏசுபாதம் அதைப் பஸ்ஸுக்குக் கொண்டுவந்தபோது, இது பட்டதா கேட்டதா என்று வழக்காகிவிட்டது. பெண்டாட்டி பட்டதில் புருஷனுக்குப் பாதி உண்டு என்று துரை தீர்ப்புச் சொன்னார். சாயங்காலம் அதைக் கேட்டு ஞானம்மாள், "மீதிப் பாதிய வந்து வாங்கிகினு போவச் சொல்லு" என்றாராம்.

வண்டிமூச்சு 1998 மழைக்காலத்தில் பிறந்தது. பஸ் திருக்கழுக்குன்றத்தைத் தாண்டியிருந்தது. ஜன்னல் எல்லாம் மூடியிருந்தது. ஏசுபாதம் யாரையும் பார்க்காமல், முன் சீட்டின் கம்பியைப் பிடித்தபடி பேசினார்.

"வூட்டாண்ட போயி வண்டிய நிறுத்திட்றேன். சாவிய எடுத்துட்றேன். கேட்டு எதிர்லயே கீது. எறங்கல. மழ பெய்யுது, நனஞ்சிகினு ஒக்காந்துகினு கீறேன். உள்ள போவணும், தெரியுது. ஒரு மூச்சு வுட்டுட்டுப் போலாம்னு தோணுது. அப்பறம் இன்னொரு மூச்சு."

துரை அன்று விதியைக் கேட்கவில்லை. பிறகு யாரோ பின்னாலிருந்து, "எனக்கும்பா" என்றார். மாமியார் வந்திருந்த நாட்களில் ஒருவருக்கு. குடித்துவிட்டு வரும் மகன் வீட்டில் இருப்பானோ என்று ஒருவருக்கு. துரைக்கு அவர் மனைவியோடு சண்டை போட்ட மறுநாளெல்லாம். ஆளாளுக்குச் சொல்லச் சொல்லச் சிரிப்பு கிளம்பியது. பேர வையி, பேர வையி என்று கத்தினார்கள். அவர் வைத்தார். எனக்குத் தெரிந்து வேறெந்தச் சொல்லும் இவ்வளவு வேகமாகப் பரவவில்லை. ஒரு மாதத்துக்குள் மற்ற பஸ்களில் கேட்டது. அப்புறம் டவுன்ஷிப்பில், மார்க்கெட்டில்.

எல்லாச் சொல்லையும் வீட்டில் சொல்லும் ஏசுபாதம், இந்த ஒன்றை மட்டும் சொல்லவில்லை.

நான் 2000இல் ஓய்வு பெற்றேன். பஸ் போனது; பழக்கம் போகவில்லை. ஆண்டுதோறும் கிறிஸ்துமஸ் அன்று பஸ் நண்பர்கள் சிலருக்கு ஏசுபாதம் வீட்டில்தான் சாப்பாடு. ஞானம்மாள் படுத்த பிறகும் அவர் அதை நிறுத்த விடவில்லை. இனி வருவது 2001 கிறிஸ்துமஸ் மதியம் நான் நேரில் பார்த்தது. ஞானம்மாளின் கட்டிலை முன் அறைக்கு நகர்த்திப் போட்டிருந்தார்கள். புதுப் புடவை கட்டி, தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நான் கட்டிலுக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்தேன். ஏசுபாதம் சமையலறையில் பிரியாணி அண்டாவோடு இருந்தார். எல்லோரும் வந்துவிட்டார்கள். துரையைக் காணோம். கடைசியாகக் கேக் பெட்டியோடு நுழைந்தார்.

"இன்னா துரை, இவ்ளோ நேரமா? பசி உயிரு போவுது எல்லாருக்கும்" என்றார் ஞானம்மாள்.

"அப்பவே வந்துட்டேன் அண்ணி. காலையிலயே வூட்ல ஒரே பேஜாரு. அதான் வெளிய கொஞ்சம் வண்டிமூச்சு வுட்டுகினு இருந்தேன்."

"அது இன்னா மூச்சு?"

துரைக்கு விளக்குவது என்றால் உயிர். ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு வண்டிபோல உட்கார்ந்தார். சாவியைத் திருப்பி அணைத்தார். எதிரே இருப்பதாகப் பாவித்த கேட்டைப் பார்த்தார். முகம் தொங்கியது. ஒரு பெருமூச்சு விட்டார். இறங்கப் போவதுபோல ஒரு காலைத் தூக்கி, மறுபடி உட்கார்ந்துகொண்டார். அறை முழுக்கச் சிரித்தது. ஞானம்மாளும் சிரித்தார். நானும் சிரித்தேன்.

"நல்லாதான் கீது. யாரு வச்ச பேரு?"

"வேற யாரு? நம்ம அண்ணாத்ததான். இருக்கறதுலயே இதான் டாப்பு அண்ணி. கேளம்பாக்கம் வரிக்கும் போயிடுச்சி."

ஞானம்மாளின் சிரிப்பு உடனே போகவில்லை. மெல்லப் போயிற்று. "பட்டதா, கேட்டதா?" என்றார்.

அந்தக் கேள்வியை வருஷக்கணக்காக எல்லோரிடமும் கேட்டவர் துரை. ஸ்டூலிலிருந்து எழுந்து, அதைச் சுவரோரம் கொண்டுபோய் வைத்தார். சமையலறை வாசலில் ஏசுபாதம் கரண்டியோடு நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது.

"எல்லாருக்கும் போடு. சாருக்கு எலும்பு இல்லாம பாத்துப் போடு" என்றார் ஞானம்மாள். நாங்கள் சாப்பிட்டோம். அன்று செருப்பை மாட்டிய பிறகு யாரும் பேசவில்லை.

இதற்குப் பின் வீட்டில் நடந்ததை ஏசுபாதம் எனக்குச் சொன்னார். அவர் மன்னிப்புக் கேட்கப் போனபோது ஞானம்மாள் கேட்க விடவில்லையாம். மாமல்லபுரத்துக்கு வடக்கே, கடற்கரைச் சாலையில், கன்னியாஸ்திரீகள் நடத்தும் இல்லம் ஒன்று இருந்தது. நடக்க முடியாத பெண்களைச் சேர்த்துக்கொள்வார்கள். அங்கிருந்து ஒரு சிஸ்டர் மாதம் ஒருமுறை இவர்கள் போகும் மாதா கோயிலுக்கு வருவார். "அடுத்த தடவ சிஸ்டரு வந்தா, அங்க கட்டிலு காலியா கீதானு கேளு. நான் போறேன். நீயும் ஒரேடியா மூச்சு வுட்டுக்கோ" என்றார் ஞானம்மாள். கோபமாகச் சொல்லியிருந்தால் சமாளித்திருப்பேன் சார், மளிகை வாங்கிவரச் சொல்வதுபோலச் சொன்னாள் என்றார் ஏசுபாதம்.

மறுநாள் முதல் அவர் வண்டியை நிறுத்திய வேகத்தில் கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓட ஆரம்பித்தார். சில நாள் பார்த்தார் ஞானம்மாள். "இன்னாத்துக்கு தீ புடிச்ச மாரி ஓடியார? நான் இன்னா ரயிலா, வுட்டா போயிட?" என்றார். ஏசுபாதம் மெதுவாக வரத் தொடங்கினார். அதற்கும், "இன்னிக்கு ஓடலியா?" என்றார். என்ன செய்தாலும் தவறாகப் போயிற்று. பஸ்ஸில் அவர் புதிதாக எதற்கும் பெயர் வைப்பதில்லை என்று துரை என்னிடம் வந்து சொன்னார். "என் வாயில மண்ணப் போட சார்" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

2002 பிப்ரவரியில் கட்டில் காலியானது. ஒரு மாதம் இருந்து பார்க்கட்டும், பிடித்திருந்தால் அங்கேயே இருந்துவிடலாம் என்று சிஸ்டர் சொன்னார். வேன் வைத்துக்கொண்டு போனார்கள். மனைவியை நாற்காலியில் வைத்து உள்ளே தூக்கிக்கொண்டு போனதும், பையைக் கட்டிலுக்கு அடியில் வைத்ததும், தனியாகத் திரும்பியதும் ஏசுபாதம்தான். படிப்பு முடிந்து அங்கேயே வேலையில் இருந்த ஜெனிட்டா, வேலூரிலிருந்து போனில் அழுதாள். மாதம் முடிந்ததும் மனைவி வருவாளா என்பதைத் தவிர அவருக்கு வேறு நினைப்பு இல்லை. சாயங்காலங்களில் என் வீட்டுக்கு வந்து சும்மா உட்கார்ந்திருப்பார். இப்போதெல்லாம் ஓய்வு கிடைக்கிறதா என்று ஒருநாள் கேட்டேன்.

"தூங்கறேன் சார். நல்லாத் தூங்கறேன். எழுந்தா இன்னும் அசதியா கீது. வண்டிய நிறுத்திட்டு ஒக்காந்து பாத்தேன். உள்ள யாரும் இல்லாதப்ப வெளிய இன்னாத்துக்கு ஒக்காரணும்?"

முதல் இரண்டு ஞாயிறும் தனியாகப் போய்வந்தவர், மூன்றாவது ஞாயிறு என்னையும் கூப்பிட்டார். பஸ்ஸில் போனோம். வழியில் ஆப்பிள் வாங்கலாமா என்று கேட்டு, அவரே வேண்டாம் என்று, கடைசியில் ஆரஞ்சு வாங்கினார். இல்லம் சாலையை விட்டுச் சற்று உள்ளே, சவுக்குத் தோப்புக்கு நடுவில் இருந்தது. நீளமான அறை. சுவரோரம் கட்டில்கள். ஜன்னல் வழியாக உப்புக் காற்று வந்தது. ஞானம்மாளின் முகம் தெளிந்திருந்தது. அதைப் பார்த்ததும் ஏசுபாதத்தின் முகம் வாடியதை நான் கவனித்தேன்.

"எப்பிடி கீற?"

"நல்லாகீறேன்."

"சாப்டியா?"

"சாப்டேன்."

அதற்கு மேல் அவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. கண் அங்கே இங்கே சுற்றி, எதிர்ச் சுவரில் புனிதர் படம் போட்ட காலண்டரில் போய் நின்றது.

"அங்க இன்னா போட்டுகீது, படி கேப்போம்" என்றார் ஞானம்மாள்.

"மார்ச்சு" என்றார் அவர்.

பக்கத்துக் கட்டில் பெண் சத்தமாகச் சிரித்துவிட்டார். அவர் பெயர் மேரி. முதுகெலும்பு முறிந்து பல வருஷமாக அங்கே இருப்பவர். "வந்துட்டாரா பஸ்ஸுக்காரரு? மூஞ்சி இன்னிக்கும் நீ சொன்ன மாரியே கீதுடி" என்றார். அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. ஞானம்மாள் அந்த அறைக்கே எல்லாச் சொற்களையும் சொல்லிக்கொடுத்திருந்தார். விதியோடு சேர்த்து. அவர்களே புதிதாகப் பெயர் வைக்கவும் தொடங்கியிருந்தார்கள்.

"நாங்க வச்சதுல ஒண்ணு சொல்லட்டா?" என்றார் மேரி. "பாக்க வந்தவங்க போற நேரமாச்சினா சிஸ்டரு மணி அடிப்பாங்க. மணி அடிச்சவொடனே வந்தவங்க மூஞ்சியில ஒரு சந்தோசம் வரும் பாருங்க. ஒடனே மறச்சிக்கினு, அய்யோ அதுக்குள்ளயான்னுவாங்க. அது மணிச்சந்தோசம்."

அறையில் நாலைந்து பெண்கள் சிரித்தார்கள். ஏசுபாதமும் சிரிக்கப் பார்த்தார்.

"போன ஞாயித்துக்கெழம யாரு மூஞ்சியப் பாத்து வச்சோம் தெரியுமா?" என்றார் மேரி.

"மேரி, போதும்" என்றார் ஞானம்மாள். ஆனால் கணவரின் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஏசுபாதம் ஆரஞ்சுப் பையை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார். காதெல்லாம் சிவந்துவிட்டது.

"எப்பிடி கீது?" என்று கேட்டார் ஞானம்மாள்.

"வலிக்குது."

"ஆங்."

நான் எழுந்தேன். "ஒக்காருங்க சார். உங்களுக்குத் தெரியாதது இன்னா கீது" என்றார் ஞானம்மாள். பிறகு கணவரிடம் பேசினார். குரலை உயர்த்தவில்லை. முடிந்தவரை அவர் சொன்னபடியே தருகிறேன்.

"நீ வெளிய ஒக்காருவன்னு எனக்கு மொதல்லயே தெரியும்யா. வண்டி சத்தம் நிக்கும், கேட்டு தொறக்காது. மொத வருசம் பயந்துகினே கெடப்பேன். மாரு வலி வந்து வுழுந்துட்டியா, இன்னானு. எழுந்து வந்து பாக்க முடியுமா நானு? கத்தலாம். கத்தினா நீ ஓடியாந்துடுவ. பாவம், கொஞ்ச நேரம் ஒக்காரட்டுமேனு வாய மூடிகினு கெடப்பேன். ஒரு நாளாவது ஏன் லேட்டுனு கேட்டிருக்கனா?"

"இல்ல."

"அது நமக்குள்ள இருந்துச்சி. அதுக்குப் பேரு வேணாம்னு நான் வுட்டுட்டேன். நீ அதக் கொண்டும்போயி பஸ்ஸுல வச்சி ஊருக்கே குடுத்துட்ட. துரை ஸ்டூல்ல ஒக்காந்து காட்றான். நானே சிரிக்கிறேன். எதப் பாத்துடா சிரிக்கிறோம்னா, என்னப் பாத்து."

"யார்கிட்டனா சொல்லலேனா செத்துப் போயிருப்பேன் ஞானம்" என்றார் ஏசுபாதம்.

"என்னாண்ட சொல்லு."

"உன்னாண்ட எப்பிடிச் சொல்றது? உள்ள வர மனசு வரலனு?"

"அப்பிடியேதான். எனக்கு மட்டும் இன்னா, உன் மூஞ்சிய டெய்லி பாக்க ஆசையா? காலையில மாவு மாரி மூஞ்சிய வச்சிகினு தொடைக்க வர. எனக்குக் கண்ண மூடிக்கலாம்னு இருக்கும். இங்க வந்து இருவது நாளு நல்லாதான் இருந்துச்சி. யாருக்கும் நான் பாரமில்ல, சம்பளத்துக்குச் செய்யறாங்க." அவர் இடது கையால் போர்வையை இழுத்து விட்டுக்கொண்டார். "ஆனா ராத்திரியில திருப்பிப் போட்றாங்க பாரு, மூட்டய உருட்ற மாரி உருட்றாங்க. தலகாணி எங்க வைக்கணும்னு ஒருத்திக்கும் தெரியல."

ஏசுபாதம் எழுந்துபோய் மனைவியின் தோளைத் தூக்கி, தலையணையை இடுப்புப் பக்கமாக இறக்கி வைத்தார். ஞானம்மாள் கண்ணை மூடிக்கொண்டார்.

அப்போது மணி அடித்தது. அறை முழுவதும் எங்கள் பக்கம் திரும்பியது. ஏசுபாதம் முகத்தை எப்படி வைத்துக்கொள்வதென்று தெரியாமல் திண்டாடினார். கட்டிலுக்குக் கட்டில் சிரிப்பு பரவியது. இந்த முறை ஞானம்மாளும் சேர்ந்துகொண்டார். சிஸ்டர் வாசலில் வந்து நின்று மறுபடி அடித்தார்.

"வர்றியா?" என்றார் ஏசுபாதம், மணிச் சத்தத்துக்கு நடுவில்.

"மாசம் முடியட்டும். வருசத்துல ஒரு மாசம் நான் இங்க வந்துடுவேன். நீ வூட்ல தூங்கு. மத்த மாசத்துக்கு ஒண்ணே ஒண்ணு. நீ எவ்ளோ நேரம் வேணும்னாலும் வெளிய ஒக்காரு. ஆனா வந்தவொடனே ஒரு ஆரன் அடிச்சிட்டு ஒக்காரு. வழியில வுழாம வந்து சேந்தனு எனக்குத் தெரியணும்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான். அதுக்கு ஒரு பேரு வச்சிகினு பஸ்ஸுக்குப் போன, அப்பறம் பாரு."

மாதம் முடிந்ததும் ஞானம்மாள் வீட்டுக்கு வந்தார். அடுத்த நாள் திங்கட்கிழமை. பேச்சுத் துணைக்கு வந்து உட்காரும்படி ஞானம்மாளே சொல்லி அனுப்பியிருந்ததால், நான் சாயங்காலமே போயிருந்தேன். தெய்வநாயகி கோதுமை புடைத்துக்கொண்டிருந்தார். இல்லத்துச் சாம்பாரில் பெருங்காயமே கிடையாது என்று ஞானம்மாள் சொல்லிக்கொண்டிருந்தார். தெருவில் டி.வி.எஸ். வரும் சத்தம் கேட்டது; வண்டி கேட்டுக்கு வெளியே வந்து நின்றது. இரண்டு நொடி கழித்து ஒரு ஹாரன். அந்த வண்டியின் ஹாரன் எப்போதுமே சளி பிடித்த மாதிரி இருக்கும்.

தெய்வநாயகி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். "தெருவுல ஒரு நாய் கூட இல்ல, யாருக்கு ஆரன் அடிக்கிறாரு? இன்னாக்கா, உங்க வூட்டுக்காரரு வண்டியிலயே ஒக்காந்துகினு கீறாரு?"

ஞானம்மாள் பெருங்காயத்தைப் பற்றி மேலே பேசினார். கட்டியாக வாங்க வேண்டும், தூள் உதவாது என்றார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். பேச்சு பெருங்காயத்திலிருந்து ஜெனிட்டாவின் நைட் டியூட்டிக்குப் போனது. கேட் திறக்கவில்லை. வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. உடம்புக்கு ஏதாவதோ என்று எனக்கே சந்தேகம் வந்து, நான் போய்க் கூப்பிடட்டுமா என்று எழுந்தேன்.

"வுடுங்க சார்" என்றார் ஞானம்மாள். "வருவாரு."